தொட்டுப் பாராத வைத்தியம்

2020ஆம் வருஷம் மார்ச் 25ஆம் தேதி, புதன்கிழமை. அன்று பொழுது விடியுமுன் மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரியில் ஒருவர் இறந்து போனார். கொரோனாவுக்குத் தமிழ்நாட்டில் பலியான முதல் மனிதர் அவர். வயது 54. சீமைக்குப் போய் வந்தவரல்ல. நம்மைப்போல் உள்ளூரில் நடமாடியவர். பொழுது விடிந்ததும் நாடு முழுவதற்குமான ஊரடங்கின் முதல் நாள் தொடங்கியது. மாசி வீதிகளில் காக்கைகள் நடந்து போயின. அதே நாளில் தில்லியில் மூன்றாவது காரியமும் ஒன்று நடந்தது. அதை எந்த வீட்டுத் திண்ணையிலும் யாரும் பேசவில்லை. மருத்துவக் கவுன்சிலின் இடத்தில் அப்போது இருந்த நிர்வாகக் குழு, நிதி ஆயோக்குடன் சேர்ந்து ஒரு விதித்தொகுப்பை வெளியிட்டது. டாக்டர் நோயாளியை நேரில் பாராமல், தொலைபேசி வழியாகவே வைத்தியம் செய்யலாம். அதற்கு முறை இன்னது, எல்லை இன்னது என்று அதில் எழுதியிருந்தது.

மரணத்தையும் ஊரடங்கையும் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் அந்தக் காகிதத்தைப் பற்றி எழுத விரும்புகிறேன். கல்லூரிப் படிப்பை முழுசாக முடிக்காத கதைக்காரனுக்கு வைத்திய விதிகளில் என்ன வேலை என்று கேட்கலாம். எங்கள் தெரு டாக்டரைப் பற்றி எழுத வேண்டுமானால் அதைத் தாண்டிப் போக வழியில்லை, அதுதான் காரணம்.

மதுரையில் யாரும் 'குடும்ப டாக்டர்' என்று போர்டு மாட்டிக்கொள்வதில்லை. பெயர், அதன் கீழே எம்.பி.பி.எஸ்., காலை மாலை நேரம்; அவ்வளவுதான். முன் அறையில் இரண்டு பெஞ்சு. சுவரில் ஜவுளிக்கடைக் காலண்டர். உள்ளே பத்தடிக்குப் பத்தடியில் ஓர் அறை; அதற்கு ஜன்னல் இருந்தால் அது டாக்டரின் பூர்வ புண்ணியம். கம்பவுண்டர் ஒருவர் எப்போதும் உண்டு. அவர் சட்டைப்பையில் டோக்கன்களும், வாயில் 'உக்காருங்க, கூப்பிடுவாரு' என்ற வார்த்தையும். எங்கள் டாக்டர் தெற்கு மாசி வீதியை ஒட்டிய சந்து ஒன்றில் நாற்பது வருஷத்துக்கு மேலாக அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். என் சின்ன வயதில் அவர் கொடுத்த மிக்ஸ்சர் பாட்டிலில் வேளைக்கு எவ்வளவு என்று காட்ட, கத்தரித்த காகிதப் பட்டை ஒன்று ஒட்டியிருக்கும். மருந்தின் கசப்பு மறந்துவிட்டது. அந்தக் காகிதப் பட்டையின் பல்வரிசை மட்டும் கண்ணில் நிற்கிறது.

அவருக்குக் கைராசி உண்டு என்று ஊர் சொல்லும். கைராசி என்ற சொல்லை நான் வெகுநாள் மூடநம்பிக்கைக் கணக்கில் வைத்திருந்தேன். இப்போது யோசித்தால் அதில் ஒரு கணக்கு இருக்கிறது. வந்தவர் உட்கார்ந்ததும் டாக்டர் முதலில் மணிக்கட்டைப் பிடிப்பார். நாடியை எண்ணுவது பாதி. மீதிப் பாதி, கையின் சூடு, வேர்வை, நடுக்கம், நகத்தின் நிறம், பிடித்தவுடன் தோள் தளர்கிறதா இல்லையா என்பது. இவன் அப்பனுக்குச் சர்க்கரை, பாட்டிக்கு ஆஸ்துமா, போன வருஷம் தொழிலில் நஷ்டம் என்பதெல்லாம் அதற்குள் ஞாபகத்தில் வந்திருக்கும். சீட்டு எழுதுவது கடைசி அரை நிமிஷ வேலை.

ஒரு தொற்றுநோய் இந்த அறையைத்தான் முதலில் தாக்கும் என்பதற்கு ஆராய்ச்சி வேண்டாம். காற்றில்லாத அறை, முழங்காலோடு முழங்கால் இடிக்கும் பெஞ்சு, இருமுகிறவனின் முகத்துக்கு ஒரு முழத் தூரத்தில் டாக்டர். 2020 ஆகஸ்டில் இந்திய மருத்துவ சங்கம் பிரதமருக்கு எழுதிய கடிதத்தில், அதுவரை கொரோனாவில் இறந்த டாக்டர்கள் 196 பேர் என்று கணக்குச் சொன்னது. அவர்களில் 170 பேர் ஐம்பது வயதைக் கடந்தவர்கள். ஏறக்குறைய 40 சதவீதம் பேர் பொது வைத்தியம் பார்த்தவர்கள். பெரிய ஆஸ்பத்திரியில் கவச உடை அணிந்து நின்றவர்களைக் கைதட்டிப் புகழ்ந்தோம், அது நியாயம்தான். கைத்தறித் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு சந்துக்குள் உட்கார்ந்திருந்தவருக்காக யாரும் தட்டைத் தட்டியதாக எனக்கு ஞாபகமில்லை.

ஆகவே சந்து டாக்டர்கள் கதவைச் சாத்தினார்கள். இதை ஒளிக்க வேண்டியதில்லை. மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும் மதுரையில் பூட்டுத் தொங்கிய கிளினிக்குகள் அநேகம். எங்கள் டாக்டருக்கு அப்போது எழுபத்திரண்டு வயது. ஏற்கெனவே இருதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர். மகன் வெளிநாட்டிலிருந்து தினம் இரண்டு தடவை கூப்பிட்டு, 'அப்பா, திறக்காதீங்க' என்றான். முகக் கவசம் கிடைக்கவில்லை; கிடைத்ததும் யானை விலை. வந்தவர்களில் ஒருவருக்குத் தொற்று என்று தெரிந்தால் சந்து முழுவதையும் தகரம் வைத்து அடைத்துவிடுவார்களே என்ற பயம் அண்டை வீட்டார்களுக்கு. அவர்களும் மரியாதையாக வந்து, 'கொஞ்ச நாளைக்கு வேண்டாமே, டாக்டர்' என்றார்கள். அவர் பூட்டினார். கம்பவுண்டர் தன் கைபேசி எண்ணையும் டாக்டரின் எண்ணையும் ஓர் அட்டையில் எழுதிக் கதவில் ஒட்டினார்.

அந்த அட்டையின் சட்ட அந்தஸ்து என்ன? இங்கேதான் தில்லிக் காகிதம் வருகிறது. தொலைபேசியில் மருந்து சொல்வது நம் ஊரில் புதிதல்ல. 'குழந்தைக்குச் சுரம் விடலை, டாக்டர்' என்றால் 'அரை மாத்திரை குடுங்க, காலையில கூட்டிட்டு வாங்க' என்று எல்லா டாக்டர்களும் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் 2018இல் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் ஒரு வழக்கு வந்தது. இரத்தினகிரியில் ஆஸ்பத்திரி நடத்திய டாக்டர்கள் ஊரில் இல்லாதபோது, நேரில் பாராமல் போனில் சொன்ன மருந்து கொடுக்கப்பட்டு, நோயாளி இறந்துபோனார். அந்த டாக்டர்களுக்கு முன்ஜாமீன் தர நீதிமன்றம் மறுத்துவிட்டது. அன்று முதல் போனில் மருந்து சொல்வதென்றால் டாக்டர்களுக்கு அடிவயிற்றில் ஒரு பயம். 2020 மார்ச் 25 அந்தப் பயத்தை எடுத்துவிட்டது. முழுவதுமாக அல்ல, கோடு போட்டு எடுத்தது.

அந்தக் கோடுகளை நான் ஒரு நாவலைப் படிப்பது போலப் படித்தேன். முன்பின் அறியாத நோயாளி வெறும் குரலாக வந்தால், ஜுர மாத்திரை, உப்புக் கரைசல், இருமல் மிட்டாய் போன்ற சாதாரண மருந்துகளுக்கு மேல் எழுதக் கூடாது. முகம் தெரியும்படி வீடியோவில் வந்தால் இன்னொரு பட்டியல் திறக்கும். ஆறு மாதத்துக்குள் அதே வியாதிக்கு அதே டாக்டரிடம் நேரில் வந்து போனவராக இருந்தால், பழைய மருந்தைத் தொடரவும், அதன் மேல் புதிதாக ஒன்றைச் சேர்க்கவும் அனுமதி உண்டு. மயக்க மருந்து, போதை வகைகள் யாருக்கும் கிடையாது. அதாவது, தெரிந்தவன் வேறு, தெரியாதவன் வேறு என்று கைராசி டாக்டர்கள் மனசுக்குள் வைத்திருந்த பேதத்தை அரசாங்கம் சட்ட பாஷையில் எழுதிவிட்டது. தொட்டுப் பார்த்த கை ஆறு மாதம் வரை செல்லுபடியாகும் என்று அதற்குத் தவணையும் போட்டது! ஆறு மாதம் என்ற கணக்கு எப்படி வந்ததோ. எங்கள் டாக்டரிடம் இருந்த பாக்கி நாற்பது வருஷத்தது.

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம். வைத்தியன் தொட்டுத்தான் ஆக வேண்டும் என்பது எல்லாக் காலத்துக்கும் எல்லா இடத்துக்கும் பொதுவான விதியல்ல. 1809 முதல் 1811 வரை மதுரை, திண்டுக்கல், கோயம்புத்தூர், திருநெல்வேலிச் சீமைகளில் ஒரு கொள்ளைச் சுரம் பரவியது. அதை விசாரிக்கக் கம்பெனி சர்க்கார் அமைத்த குழுவுக்கு விட்லா ஐன்ஸ்லி என்ற டாக்டர் தலைவர். தமிழ் வைத்தியர்களின் மருந்துப் பெயர்களையெல்லாம் திரட்டிப் புத்தகம் போட்ட அதே ஐன்ஸ்லிதான். அந்த மாதிரி அறிக்கைகள் காற்றையும், ஈரத்தையும், மலையடிவாரத்தையும் விசாரிக்கும்; ஒரு தனி மனிதனின் மணிக்கட்டைப் பிடிப்பதில்லை. நாடி பிடித்தவர்கள் நம் நாட்டு வைத்தியர்கள். இங்கிலீஷ் டாக்டர் பிறகு அவர்களிடமிருந்து பிடுங்கிக்கொண்டது மருந்தை மட்டுமல்ல, வீட்டுக்குள் வந்து பாயில் உட்காரும் அந்த உரிமையையும்தான்.

அவர்கள் கழுத்தில் தொங்குகிற ஸ்டெதாஸ்கோப்பின் கதையும் விசித்திரமானது. 1816இல் பாரிஸில் லென்னெக் என்ற டாக்டரிடம் ஓர் இளம்பெண் இருதய நோயோடு வந்தாள். அவள் மார்பில் காதை வைத்துக் கேட்க அவருக்குக் கூச்சம். ஒரு தாளைச் சுருட்டிக் குழலாக்கி, ஒரு முனையை அவள் நெஞ்சிலும் மறுமுனையைத் தன் காதிலும் வைத்தார். சத்தம் முன்னிலும் தெளிவாகக் கேட்டது! தூரத்துக்காகச் செய்த கருவி நெருக்கத்தைக் கொடுத்தது. ஆனால் அந்தத் தூரம் போதவில்லை. க்ஷயரோகிகளின் நெஞ்சைக் கேட்டுக் கேட்டு வாழ்ந்த லென்னெக், 1826இல் அதே க்ஷயத்தில் நாற்பத்தைந்து வயதில் இறந்தார்.

1918 இன்புளுயன்ஸாவில் இந்தியாவில் ஒரு கோடியே 20 லட்சத்திலிருந்து ஒரு கோடியே 80 லட்சம் பேர் வரை இறந்திருக்கலாம் என்று கணக்கிடுகிறார்கள். அப்போது டாக்டர்களில் பலர் முதல் உலக யுத்தத்துக்குப் போயிருந்தார்கள். இருந்த சிலர் எத்தனை வீட்டுக்குத்தான் போக முடியும்? நூறு வருஷம் கழித்து வந்த கொள்ளையில் டாக்டர் ஊரிலேயே இருந்தார்; கதவுதான் சாத்தியிருந்தது. ஆனால் கையில் போன் இருந்தது. அந்த ஒரு வித்தியாசத்தை நம்பித்தான் எங்கள் டாக்டர் ஏப்ரல் மாதத்தை ஓட்டினார்.

காலை ஏழு மணிக்கே மணி அடிக்க ஆரம்பிக்கும். பழைய சீட்டைப் படமெடுத்து அனுப்புவார்கள். அவர் புதுச் சீட்டெழுதிப் படமெடுத்து மருந்துக்கடைக்கு அனுப்புவார். செல்லூர் நெசவாளி, சிம்மக்கல் பழக்கடைக்காரர், அலங்காநல்லூரிலிருந்து பேரன் போனைப் பிடிக்கப் பேசும் கிழவி. கிராமத்து அழைப்புகளில் வீடியோ என்ற பேச்சே இல்லை. பொத்தான் போன், அதுவும் மாடியில் ஏறினால்தான் கேட்கும். மூச்சுத் திணறலை எப்படிப் போனில் கண்டுபிடிப்பது? ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்லும் ஒரு வழி உண்டு. அதை நம்பாதீர்கள், அது சோதித்து நிரூபிக்கப்பட்டதல்ல என்று ஆக்ஸ்போர்டுக்காரர்கள் எச்சரித்தார்கள். எங்கள் டாக்டர் அந்த எச்சரிக்கையைப் படித்தாரோ என்னவோ, எண்ணச் சொல்லவில்லை. 'மருமக கூட இப்பப் பேசிக்கிறாளா?' என்று கேட்பார். கிழவி வழக்கமான நீளத்துக்கு வசைபாடினால் நுரையீரல் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். வாக்கியம் பாதியில் நின்றால் ஆம்புலன்ஸ். இது முறையா என்று என்னைக் கேட்காதீர்கள். இருபது வருஷமாக அந்த வசவைக் கேட்டவருக்கு மட்டுமே இது பயன்படும் என்பது எனக்குத் தெரியும்.

ஏப்ரல் மூன்றாம் வாரம் ஒரு நாள் இரவு, ஓய்வு பெற்ற கணக்குப்பிள்ளை ஒருவர் கூப்பிட்டார். நெஞ்சில் வாயு அடைத்திருக்கிறது, ஏதாவது ஜீரண மருந்து சொல்லுங்கள் என்றார். டாக்டருக்கு அவரை முப்பது வருஷமாகத் தெரியும். சாதாரணமாக டாக்டரைக் கேலி செய்யாமல் ஒரு வார்த்தை பேசாதவர். அன்று கேலியே இல்லை.

"வாயு இல்லய்யா. உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க. மகனைக் கூப்பிடுங்க, நான் சொல்றேன்."

"அங்க போனாக் கொரோனான்னு சொல்லி உள்ள போட்டுருவாங்க, டாக்டர். காலையில பாத்துக்கலாம்."

டாக்டர் மகனிடம் பேசினார். மகன் அப்பாவிடம் பேசினான். மறுபடி டாக்டர் பேசினார். காலை ஐந்து மணிக்கு வந்த அழைப்பில் மகன் அழுதான்.

பிறகொரு நாள் டாக்டர் இதை என்னிடம் சொன்னார். "தம்பி, நோயைக் கண்டுபிடிக்கப் போன் போதும். அன்னைக்கு நான் சரியாத்தான் சொன்னேன். ஆனா ஆளை எழுப்பி ஆட்டோவில ஏத்த முடியலை. நேரே போயிருந்தா, கையைப் பிடிச்சதுமே அவர் எந்திரிச்சிருப்பாரு."

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் போயிருந்தால் பிழைத்திருப்பார் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. எழுபத்திரண்டு வயதில், ஸ்டென்ட் வைத்த இருதயத்தோடு, ஊரடங்கு இரவில் அவர் போயிருக்க வேண்டும் என்று சொல்லும் யோக்கியதை வீட்டில் கதவைத் தாழிட்டு உட்கார்ந்திருந்த எனக்கு இல்லை.

மே 4ஆம் தேதி மீனாட்சி கல்யாணம் கோயிலுக்குள் ஆளில்லாமல் நடந்தது. பெண்கள் வீட்டில் திரையைப் பார்த்துக்கொண்டே தாலிக்கயிறு மாற்றிக்கொண்டார்கள். அழகர் அந்த வருஷம் ஆற்றில் இறங்கவில்லை. அந்த மே மாதத்தில்தான் டாக்டர் கதவைத் திறந்தார். மகனிடம் சொல்லவில்லை.

திறந்த விதத்தைச் சொல்ல வேண்டும். அறைக்குள் போகவில்லை. பெஞ்சுகளைத் தூக்கிச் சந்தின் வேப்பமரத்தடியில் போட்டார். இரண்டுக்கும் நடுவே ஆறு அடி. தனக்கு ஒரு நாற்காலி, திண்ணையில். நோயாளிக்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், கீழே. இடையில் கூரையிலிருந்து ஒரு கண்ணாடிக் காகிதத் திரை. சுரம் இருப்பவர்களுக்குக் காலை பதினொன்றுக்கு மேல், மற்றவர்களுக்கு அதற்கு முன். டோக்கன் போனில். கம்பவுண்டர் கையில் ஒரு குச்சி, தூரம் அளக்க. ஆட்டுமந்தை மேய்ப்பவர் போல் இருந்தார். நாடி பிடிப்பதில்லை. அதற்குப் பதிலாக நூலில் கட்டித் தொங்கிய ஒரு சிறு கருவி, விரல் நுனியில் மாட்டுவது. இரத்தத்தில் பிராணவாயு எத்தனை சதவீதம் என்று சொல்லும். மாட்டிப் பார்த்துவிட்டு, ஆளைச் சந்து முனை வரைக்கும் நடக்கச் சொல்லி, திரும்பி வந்ததும் மறுபடி மாட்டுவார். 97, நடந்த பிறகு 91 என்றால் ஆஸ்பத்திரி. ஆள் சிரித்துக்கொண்டே நிற்பான். உள்ளே பிராணவாயு இறங்கிக்கொண்டிருக்கும். இந்த வியாதியின் கபடம் அதுதான். அந்தக் கருவியின் தத்துவத்தை 1974இல் கண்டவர் டக்குவோ ஆவோயாகி என்ற ஜப்பானிய எஞ்சினீயர். உலகமே அவர் கருவியைத் தேடி அலைந்த 2020 ஏப்ரல் 18ஆம் தேதி அவர் காலமானார்.

ஜூனில் நிலைமை மோசமாயிற்று. பரவை காய்கறி மார்க்கெட்டிலிருந்து தொற்று கிளம்பியது. ஜூன் 24 முதல் மதுரை மாநகரும் பரவையும் சுற்று ஒன்றியங்களும் மறுபடி அடைக்கப்பட்டன. ஜூலை 14 வரை. தெருத்தெருவாகச் சுர முகாம் போட்டார்கள். தோப்பூரில் காசநோய்க்கென்று இருந்த ஆஸ்பத்திரி கொரோனா ஆஸ்பத்திரியாயிற்று. சிறு தொற்றுக்காரர்கள் வீட்டிலேயே இருக்கலாம் என்று விதி வந்தபோது, அந்த வீட்டை யார் கவனிப்பது என்ற கேள்விக்குப் பதிலாகச் சந்து டாக்டர்களே நின்றார்கள். எங்கள் டாக்டர் ஒரு பள்ளிக்கூட நோட்டு வைத்திருந்தார். பெயர், எத்தனையாவது நாள், காலை எண், மாலை எண். ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரை சிவப்பு மையில் கோடு.

2021 மே மாதம் வேறு விதமான சோதனை. முதல் அலையில் மருந்தில்லை என்பது துக்கம். இரண்டாம் அலையில் மருந்து எங்கே என்பது வெறி. ரெம்டெசிவிர் வாங்க மதுரை மருத்துவக் கல்லூரியில் ஜனங்கள் வெயிலில் வரிசையில் நின்றார்கள். அந்த மருந்தைப் பொதுவாக உபயோகிக்க வேண்டாமென்று உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரிலேயே ஆலோசனை சொல்லியிருந்தது. டெக்ஸாமெதசோன் என்ற சல்லிசான மருந்து, பிராணவாயு கொடுக்கும் நிலைக்குப் போனவர்களைக் காப்பாற்றுகிறது, போகாதவர்களுக்குப் பயனில்லை என்று 2020 ஜூனில் இங்கிலாந்தில் நிரூபித்திருந்தார்கள். நம் ஊரில் முதல் நாள் சுரத்துக்கே அதை விழுங்கினார்கள். எங்கள் டாக்டரின் வேலை அந்த மாதம் முழுவதும் 'வேண்டாம்' என்று சொல்வது. மருந்து எழுதுவதைவிட அது கஷ்டமான வைத்தியம். தெரியாத டாக்டர் 'வேண்டாம்' என்றால் அடுத்த டாக்டரிடம் போவார்கள். இவர் சொன்னால் முனகிக்கொண்டே கேட்டார்கள். சிலர் கேட்கவில்லை.

அந்த வருஷம் ஆகஸ்ட் 5ஆம் தேதி அரசாங்கம் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்று ஒரு திட்டம் தொடங்கிற்று. சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே போகும். ஊரடங்கில் மாத்திரை தீர்ந்து தவித்தவர்களைப் பார்த்த யாருக்கும் அதன் அவசியத்தை விளக்க வேண்டியிருக்காது. டாக்டர் அதைப் பத்திரிகையில் படித்துவிட்டு, "என் வியாபாரத்தில பாதியைக் கொண்டு போயிட்டாங்க. நல்லதுதான்" என்றார்.

2022 ஏப்ரல் 16ஆம் தேதி, இரண்டு வருஷம் கழித்து அழகர் வைகையில் இறங்கினார். ஊர் முழுக்க ஆற்றில். அடுத்த சில நாட்களில் தூசி இருமலும் வெயில் சுரமுமாகச் சந்தில் கூட்டம். கண்ணாடிக் காகிதத் திரையைக் கழற்றியிருந்தார்கள். பெஞ்சுகள் மட்டும் வேப்பமரத்தடியிலேயே இருந்தன. காற்று நன்றாயிருக்கிறது, உள்ளே போக யாருக்கும் இஷ்டமில்லை. நான் தொண்டைக்கட்டுக்காகப் போயிருந்தேன். எனக்கு முன்னால் கீரை விற்கும் கிழவி ஒருத்தி. டாக்டர் வழக்கம்போல் விரல் கருவியை எடுத்தார்.

கிழவி விரலை நீட்டவில்லை. மணிக்கட்டை மேலே திருப்பி, முழங்கையோடு கையை அவர் முன்னால் வைத்தாள்.

"ரெண்டு வருசமா நீங்க கையே பிடிக்கல, டாக்டரய்யா. அதான் ஒடம்பு தேற மாட்டேங்குது."

டாக்டர் ஒரு கணம் கம்பவுண்டரைப் பார்த்தார். பிறகு மூன்று விரல்களை வைத்துக்கொண்டு, உள்ளே சுவரில் இருந்த கடிகாரத்தை எட்டிப் பார்த்தார்.